கலர் படத்தில் மூன்றாவது ஆள்

மார்கழியில் மலைமேல் கலர் படம் எடுப்பதென்றால் வெளிர் நிறத்தில் புடவை கட்டக் கூடாது. பனி இறங்கிவிட்டால் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். ஆள் எது, பின்னால் இருக்கிற மலை எது என்று தெரியாது. அரக்கு, கரும்பச்சை, மயில்கழுத்து, இவற்றில் ஒன்று கட்டினால் நல்லது. ஆண் வெள்ளை வேட்டி கட்டலாம், ஆனால் மேலே ஸ்வெட்டர் வேண்டும். இதெல்லாம் ஸ்டுடியோ தங்கசாமி எனக்குச் சொன்னது. நான் கரி வியாபாரி. நிறங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்.

ஐயா, நீங்கள் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, "துக்கத்துல இருக்கீங்க, வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்று மரியாதையாகச் சொன்னீர்கள். அதற்கு நன்றி. ஆனால் நான் துக்கத்தில் உளறவில்லை. என் தங்கை மலர்கொடியும் அவளைக் கட்டிக்கொண்ட அரியமுத்துவும் போன மாதம் ஏற்காட்டில் இறந்துபோனதை விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஊரும் அப்படித்தான் நம்புகிறது. அந்த நம்பிக்கையால் எனக்கு வந்திருக்கும் கேவலத்தைச் சொல்லித் தீர்க்கத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். முதலிலிருந்து சொல்கிறேன். கேட்டுவிட்டு, நான் செய்ததில் எது நியாயமில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் பாலசுந்தரம். குன்னத்துக்குப் பக்கத்தில் ஊர். பருத்தியும் சோளமும் போடுகிற மானாவாரி நிலம் கொஞ்சம் இருக்கிறது. அது மழையை நம்பி இருந்ததால் நான் சீமைக்கருவேல மரத்தை நம்பினேன். மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டு, கரியாக்கித் திருச்சிக்கும் சேலத்துக்கும் லாரியில் அனுப்புகிறேன். அப்பா போனபின் அம்மா ஜெகதாம்பாளையும் இரண்டு தங்கைகளையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். மூத்தவள் மலர்கொடி, இளையவள் ஜெயலட்சுமி. மலர்கொடியைப் பெரம்பலூரில் டைப்ரைட்டிங் படிக்க வைத்தது நான்தான். எங்கள் தெருவில் யாரும் பெண்ணை வெளியூருக்கு அனுப்பாத காலத்தில் அனுப்பினேன். காலையில் பஸ்ஸுக்கு நானே சைக்கிளில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். என்னைப் பழைய புத்திக்காரன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அரியமுத்து வயர்மேன். எங்கள் மோட்டார் கொட்டகையில் லைன் பார்க்க வந்தான். ஐ.டி.ஐ. படித்தவன், கெட்ட பழக்கம் கிடையாது, வேலையில் சுத்தம். அவனைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவன் அப்பா எங்கள் நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர். எங்கள் வாசலுக்கு வந்தால் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவிலேயே நிற்பார். விஷயம் அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தான்.

இரண்டு பேரும் திருச்சியில் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு, பெரம்பலூரில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறினார்கள். ஓடிப்போய்க் கண்காணாமல் இருந்தாலாவது பரவாயில்லை. எங்கள் ஊர் பஸ் வந்து நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் குடித்தனம்.

பெண் இப்படிப் போனால் தலை முழுகுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். பலர் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு முடித்துவிடுவார்கள். நான் முறையாகச் செய்தேன். மலர்கொடி பத்தாவது படிக்கும்போது எடுத்த படத்தைத் தங்கசாமியிடம் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னேன். தங்கசாமிக்கு வாய் சும்மா இருக்காது. "என்னங்க இது, பாப்பா நல்லாத்தான இருக்கு. நேத்துக்கூட கடைத்தெருவுல கத்திரிக்காய் பேரம் பேசிக்கிட்டு நின்னுச்சே" என்றான். "சட்டம் போட்டுக் குடு தங்கசாமி" என்றேன். மாலை போட்டு, விளக்கு வைத்து, கருமாதி செய்து, பந்தி போட்டேன். உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். அம்மா மட்டும் சாப்பிடவில்லை. அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பந்தியில் சாப்பிட்டவர்கள்தான் பிறகு வம்பு செய்தார்கள். ஜெயலட்சுமிக்குத் திருமானூரில் ஒரு இடம் பேசினோம். ஆற்றுப் பாசனம், கரும்பு, நெல் என்று வசதியான குடும்பம். மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணையன்தான் பேச வந்தார். தட்டு மாற்றுவதற்கு முன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"எல்லாம் செஞ்சீங்க தம்பி, இல்லேங்கல. ஆனா மாலை போட்ட பொண்ணு பெரம்பலூருல நடமாடுதே. நாளைக்கி எங்க வூட்டு விசேஷத்துல அந்தாளுங்க சம்பந்தின்னு வந்து நின்னா நாங்க எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்போம்? அது ஒரு முடிவுக்கு வரட்டும். அப்பறம் பேசுவோம்."

நியாயமான கேள்வி. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நான் பாதி வேலையைச் செய்துவிட்டு முழு வேலைக்கான பெயரை எதிர்பார்த்திருக்கிறேன். ஜெயலட்சுமி அன்று சாயங்காலம் கட்டியிருந்த பட்டுப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்ததைப் பார்த்தபோது நெஞ்சு எரிந்தது. ஒருத்தி ஆசைக்கு இன்னொருத்தி ஏன் வாழ்க்கையைக் கொடுக்க வேண்டும்? நீங்கள் இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவர் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்குப் புரியும்.

அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கத்துவார்கள், தெருவில் ரத்தம் கொட்டும், பத்திரிகையில் வரும், பிறகு பிறந்த வீட்டுக்கே கெட்ட பெயர். நான் மலர்கொடியைக் கையால் அடித்ததுகூடக் கிடையாது. அதனால் முதலில் அவளைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள் பெரம்பலூர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டம்ளரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் கொண்டு வந்தவள் நீட்டவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. நான் அந்த வீட்டில் கை நனைப்பேனா என்று அவளுக்குச் சந்தேகம். வாங்கிக் குடித்தேன். இந்தக் காரியம் முழுவதிலும் எனக்குச் சிரமமாக இருந்தது அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான். அவள் அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு சகஜமாகப் பேசினாள். அவளுக்கு இருந்த குறையெல்லாம் ஒன்றே ஒன்றுதான். கல்யாணப் படம் இல்லை. பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பயந்துகொண்டே பஸ் ஏறியவர்கள் எங்கே படம் எடுப்பார்கள்.

"பக்கத்து வூட்டு அக்காவெல்லாம் வந்தா மொதல்ல செவுத்தத்தாண்ணே பாக்கறாங்க. மாலையும் கழுத்துமா ஒரு படம் இருந்தா நம்புவாங்க. நான் காலண்டரத்தான மாட்டி வச்சிருக்கேன். ஏதோ கூட்டியாந்து வச்சிருக்கான்னு பேசறது காதுல வுழுது" என்றாள்.

"எடுத்துட்டாப் போச்சு" என்றேன்.

"அவரும் ஸ்டுடியோவுக்குப் போலாம்னுதான் சொன்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். நம்ம வூட்டு ஆளு ஒருத்தராவது கூட நிக்காம எடுத்தா அது என்னண்ணே கல்யாணப் படம்."

ஐயா, நான் எதையும் திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை. வழியை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

இந்த இடத்தில் கரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விறகு எரிந்தால் புகையும். கண் எரியும், இருமல் வரும், தூங்குகிறவன்கூட எழுந்து ஓடிவிடுவான். நன்றாகப் பழுத்த கரி நெருப்பு அப்படி இல்லை. புகையாது, வாடை வராது. அதனால் ஜனங்கள் அதை நம்புகிறார்கள். என்னிடம் மூட்டம் போட்டுக்கொண்டிருந்த வேம்பு என்பவன் ஒரு அடைமழையில், நெருப்புச் சட்டியைக் கொட்டகைக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்தான். மறுநாள் பார்த்தபோது முகம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவன் போல இருந்தான். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று அவன் பெண்டாட்டி சொன்னாள். எனக்குக் காரணம் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் வேலைக்கு ஆள் வராது. எங்கள் ஊரில் குளிருக்காக யாரும் கதவை அடைத்துக் கரி வைப்பதில்லை. நமக்கு எங்கே குளிர் இருக்கிறது. ஆகவே இது அங்கே யாருக்கும் தெரியாது. குளிர் உள்ள இடமாக இருந்தால் கரிச் சட்டி வைப்பதில் யாரும் தப்புக் காண மாட்டார்கள்.

தங்கசாமியிடம் போனேன். அவன் ஸ்டுடியோவில் பின்னால் தொங்குகிற திரை ஒன்று உண்டு. வெள்ளை மலை, நீலத் தண்ணீர், ஒரு வாத்து. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே அந்தத் திரை அங்கே இருந்தது. இப்போது மலைக்கு நடுவில் கிழிந்து தைத்திருந்தான்.

"ஜோடிப் படமா? பாப்பாவுக்கா?" என்று வாயைப் பிளந்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க மனுசங்க. நான் அந்தக் கருமாதிப் படத்தப் பெரிசு பண்ணிக் குடுத்துட்டு எத்தன நாளு சோறு எறங்காமக் கெடந்தேன் தெரியுங்களா? இந்தக் கிழிஞ்ச மலையெல்லாம் வேணாம். நெசமான மலையிலயே எடுப்போம். கலர்ல எடுப்போம்."

மலைக்குப் போகலாம் என்ற வார்த்தையும் என் வாயிலிருந்து முதலில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் மாதத்தை மட்டும்தான் சொன்னேன்.

மார்கழி என்றதும் மலர்கொடி தயங்கினாள். "மார்கழியில நல்ல காரியம் செய்ய மாட்டாங்களேண்ணே" என்றாள். கல்யாணம்தான் கூடாது, கல்யாணம் எப்போதோ முடிந்துவிட்டது, படம் எடுக்க என்ன, தையில் அறுப்பு வந்துவிட்டால் எனக்கு ஒழிவு இருக்காது என்று சொன்னேன். சமாதானமானாள். அரியமுத்துதான் லேசில் மசியவில்லை. அவனுக்கு என்னை நேராகப் பார்த்துப் பேச இன்னும் கூச்சம். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அம்மாந்தூரம் எதுக்குங்க? இங்கயே எடுத்துக்கலாமே."

"பாப்பா ஆசைப்படுது" என்றேன்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்த பிறகு அவனால் மறுக்க முடியவில்லை. "அப்ப காலையில போயிட்டு அன்னைக்கே திரும்பிடணுங்க. ராத்திரி தங்க வேணாம்" என்றான். அவன் புத்திசாலி. ராத்திரியைத்தான் சந்தேகப்பட்டான். நான் உடனே ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு கல்யாண வேலை மாதிரியே ஆகிவிட்டது. அரக்கு நிறத்தில் புடவை எடுத்தேன். அவனுக்கு ஸ்வெட்டர் வாங்கினேன். மாலையை மலைமேல் வாங்கிக்கொள்ளலாமா, இங்கிருந்தே ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோவதா என்று மலர்கொடியும் தங்கசாமியும் அரைநாள் விவாதம் செய்தார்கள். தங்குவதற்கு வேண்டாம், புடவை மாற்றிக்கொள்ள ஒரு அறை வேண்டுமே என்று, சேலத்தில் என்னிடம் கரி எடுக்கும் வியாபாரியிடம் கேட்டேன். அவருக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டமும் அதில் ஒரு ஒற்றை அறை வீடும் உண்டு. சாவி கொடுத்தார். கார்த்திகையில் நான் மட்டும் போய் அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். தாழ்வான கூரை, ஒரே ஜன்னல், கனத்த கதவு. ஒரு மூட்டைக் கரியையும் அப்போதே கொண்டுபோய் வைத்தேன். உடையாமல் பொறுக்கி எடுத்த நல்ல கரி.

விடியுமுன் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். ஆத்தூரில் இறங்கி மாறினோம். அம்மாவிடம் சேலத்துக்கு வசூலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். அவள் எப்படியோ தெரிந்துகொண்டு, வாழையிலையில் புளிச்சோறு கட்டி, "வழியில யாருக்காச்சும் பசிச்சா குடு" என்று கையில் கொடுத்தாள். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சேலத்தில் பொட்டலத்தைப் பிரித்தபோது அரியமுத்து மலர்கொடியின் கையைத் தொட்டுத் தடுத்தான். நான் எடுத்து வாயில் போட்டு விழுங்கும்வரை அவன் விடவில்லை. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மலைமேல் பாறை விளிம்பில் படம் எடுக்கலாம் என்று தங்கசாமி சொன்னபோதும் அவன்தான் பள்ளத்துப் பக்கம் நின்றான். அவளை உள்பக்கம் நிறுத்திக்கொண்டான். என்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே இருந்தான். சோற்றை யோசித்தான், பள்ளத்தை யோசித்தான், ராத்திரியை யோசித்தான். கரியை அவன் யோசிக்கவில்லை.

அன்று நல்ல குளிர். பனி வருவதும் விலகுவதுமாக இருந்தது. விலகுகிற நேரம் பார்த்துத் தங்கசாமி படம் எடுத்தான். "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. பாப்பா, தலய நிமுத்து. வயர்மேன் சார், கம்பத்துல ஏறுற மாதிரி வெறப்பா நிக்காதீங்க" என்று அவர்களைச் சிரிக்க வைத்தான். மலர்கொடி மாலையோடு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. அப்போது எனக்கு மனசு இளகியதா என்று கேட்பீர்கள். இளகியது. மனசு இளகினால் காரியத்தை நிறுத்திவிடுகிறவன் கூலிக்காரன். குடும்பத்தைத் தாங்குகிறவனுக்கு அந்த வசதி கிடையாது.

பிலிம் மீதி இருந்தது. அப்போதுதான் அரியமுத்து திரும்பி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"மச்சான், நீங்களும் வந்து நில்லுங்க."

அந்த வார்த்தையை அவன் அதுவரை சொன்னதில்லை. மூன்று பேராகப் படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்பார்கள், வேண்டாம் என்றேன். "அதெல்லாம் பாக்க வேணாம் மச்சான், வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினான். என் தோளில் கை போட்டான். தங்கசாமி, "நீங்களும் போடுங்க, நீங்களும் போடுங்க" என்றான். போட்டேன். நான் செய்த ஒரே தப்பு அதுதான். வேறு எதிலும் தப்பு நடக்கவில்லை.

புல்லில் நின்று மலர்கொடியின் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. பல் தந்தியடித்தது. சாயங்கால வெயில் வந்தால் ஏரியோரம் இன்னும் சில படம் எடுக்கலாம், அதுவரை அறையில் இருந்து சூடு காயுங்கள் என்றேன். தங்கசாமியைக் கடைவீதிக்கு அனுப்பிச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். வெளியிலேயே கரியைப் பற்ற வைத்து, நன்றாகப் பழுத்தபின் இரும்புச் சட்டியில் அள்ளிக் கொண்டுபோய் அவர்கள் கால்மாட்டில் வைத்தேன். அரியமுத்து கையை நீட்டி, "நல்ல எதமா இருக்குங்க மச்சான்" என்றான். குளிர்காற்று வருகிறது என்று மலர்கொடி சொன்னாள். ஜன்னலைச் சாத்தி, வெளிப்பக்கம் ஈரச் சாக்கைச் சொருகினேன். விடியுமுன் எழுந்து வந்த அலுப்பு அவர்களுக்கு. நான் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வாசல் கல்லில் உட்கார்ந்தேன்.

தங்கசாமி திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. நான் மலர்கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கதறிக்கொண்டிருந்தேன். அது நடிப்பில்லை. டாக்டர் பார்த்தார், போலீஸார் வந்தார்கள். கீழ்நாட்டு ஜனங்களுக்கு இது தெரிவதில்லை, மூடிய அறையில் கரி வைக்கக் கூடாது என்று எனக்கே எடுத்துச் சொன்னார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நான் நினைத்தபடி நடந்தது. ஆனால் பலன் வேறு யாருக்கோ போய்விட்டது.

இரண்டு பேரையும் அரியமுத்துவின் ஆட்கள் காலனிக்குக் கொண்டுபோனார்கள். என் அம்மா யாரிடமும் சொல்லாமல் நடந்தே அங்கே போனாள். அரியமுத்துவின் அம்மா வீராயியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். எங்கள் வீட்டுப் பெண் எவளும் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. திரும்பி வந்தவள் என் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். "பெத்தவ நான் பயந்துகிட்டுக் கெடந்தேன். நீயாவது போயி அவளச் சேத்துக்கிட்டியேய்யா. அவ சந்தோசமாத்தான் போயிருப்பா" என்றாள். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டை எனக்கு முதலில் வைக்கிறாள். அப்பாவுக்குக்கூட அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்தச் சோறு எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

மெட்ராஸில் கழுவின கலர் படங்கள் தை பிறந்து வந்தன. தங்கசாமிக்கு என்மேல் உள்ள மரியாதையில், அந்த மூன்று பேர் நிற்கும் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஸ்டுடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டான். பஸ் ஏறுகிறவன், இறங்குகிறவன், எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். அரக்குப் புடவை நன்றாக விழுந்திருக்கிறது. நடுவில் நான். என் தோளில் அவன் கை, அவன் தோளில் என் கை. எடுத்துவிடு என்றேன். "நாலு பேரு பாக்கட்டுங்க. சாதியாவது ஒண்ணாவதுன்னு தங்கச்சியக் கூப்புட்டுக்கிட்ட அண்ணன் இந்தத் தாலுகாவுல ஒருத்தருதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணாடியை உடைக்கலாம் என்று போனேன். அங்கே நின்றிருந்த காலனிப் பையன்கள் எனக்கு வணக்கம் வைத்தார்கள்.

திருமானூர்க்காரர்கள் தகவல் அனுப்பிவிட்டார்கள். கண்ணையன் படத்தைக் கண்ணால் பார்த்தாராம். "பொண்ணு போயிடுச்சு, அது விதி. ஆனா அவனுக்குத் தோள் குடுத்து நின்ன வூட்டுல நாங்க எப்படிப் பொண்ணெடுக்கறது" என்று சொல்லி அனுப்பினார். என் பங்காளிகள் என் வீட்டுக்கு வருவதில்லை. கோயில் கூட்டத்துக்கு எனக்குச் சொல்லி விடவில்லை. டீக்கடையில் என்னைக் கண்டால், "வயர்மேன் மச்சான் வராரு" என்று ஒருவன் சொல்ல மற்றவன் சிரிக்கிறான். ஜெயலட்சுமி இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

நான் எதற்காகச் செய்தேனோ அதையே நான் செய்யவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் வாயால் பங்காளிகளிடம் சொன்னேன். "துக்கத்துல புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று எழுந்து போய்விட்டார்கள். நீங்களும் அதையேதான் சொல்கிறீர்கள். கொலைகாரன் என்ற பெயரை நான் தாங்கிக்கொள்வேன் ஐயா. எங்கள் தெருவில் அந்தப் பெயரோடு தலைநிமிர்ந்து நடந்தவர்கள் உண்டு. அவனுக்கு மச்சான் என்ற பெயரோடு என்னால் தெருவில் நடக்க முடியாது.

நீங்கள் இன்னும் பேனாவை எடுக்கவில்லை. சாக்கைச் சொருகியதும் கரி வைத்ததும் தெரியாமல் செய்த காரியம் என்று வைத்துக்கொள்வீர்கள். சரி, கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தக் கதவுக்கு வெளியில் ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதை நான் போட்டேன்.

முதலில் உள்ளே பேச்சுக் கேட்டது. படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று பேசிக்கொண்டார்கள். பிறகு பேச்சு நின்றது. அதற்கும் நெடுநேரம் கழித்துக் கதவுக்குப் பக்கத்தில் ஏதோ உரசியது. அவள் எழுந்து நடந்து வரவில்லை. குரல் தரையோரத்திலிருந்து வந்தது.

"அண்ணே, தல சுத்துதுண்ணே. அவரு எழுந்திருக்க மாட்டங்கறாரு. கதவு தொறக்க மாட்டங்குது."

நான் பூட்டியிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கதவுதான் மாட்டிக்கொண்டது என்று நினைத்தாள்.

"பனியில மரம் ஊறி இறுகிக்கிச்சு பாப்பா" என்றேன். "நான் ஆளக் கூட்டியாந்து தொறக்கறேன். நீ அவருகிட்டயே போயிப் படுத்துக்க. எழுந்திருக்காத."

"சரிண்ணே" என்றாள். அவள் தரையில் திரும்ப நகர்ந்துபோவது கேட்டது.

நான் எழுந்து எங்கும் போகவில்லை. கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன். படிக்கும்போதும் சரி, கட்டிக்கொள்ளும்போதும் சரி, அவள் என் பேச்சைக் கேட்டதில்லை. அன்று மறுபேச்சில்லாமல் கேட்டாள். இதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நாளைக்கு யாரும் அவளைத் தப்பாகப் பேசக் கூடாது. என் தங்கை கடைசியில் அண்ணன் சொல்லைத் தட்டாத பெண்ணாகத்தான் போனாள்.